கம்பெனி காரை சர்வீஸுக்கு விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள்

40,000 கி.மீ. சர்வீஸ் முடிந்து வந்த என் காரில் முன் பிரேக் பேடுகள் புதிது என்று பில் சொன்னது. ஆறு வாரம் கழித்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், இடது உட்பக்கப் பேடில் தேய்வதற்கு எதுவுமே மிச்சமில்லை. பேடு அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டிய, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை வெறும் இரும்புத் தகடு அறுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆறு வாரமும் அம்மாவையும் மகளையும் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு அந்தக் காரைத்தான் ஓட்டினேன்.

கார் என்னுடையது இல்லை, கம்பெனி கொடுத்தது. கம்பெனிக்கும் சொந்தமில்லை, ஒரு லீஸ் நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுத்தது. சர்வீஸ் செலவு அந்த வாடகைக்குள்ளேயே அடக்கம். டீலர் பில்லை லீஸ் நிறுவனத்துக்கு அனுப்புவார், அவர்கள் கட்டிவிடுவார்கள். கேட்டால் எனக்கு ஒரு நகல் வரும். முதல் இரண்டு வருடம் இது எனக்குப் பெரிய வசதியாகத்தான் தெரிந்தது. காலையில் சாவியைக் கொடுத்தால் மாலையில் கழுவித் துடைத்துத் தருவார்கள், கையிலிருந்து எதுவும் போகாது. எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. லீஸ் நிறுவனத்தில் இருப்பவரோ காரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஓட்டுகிறவன் பணம் கட்டுவதில்லை, பணம் கட்டுகிறவர் காரைப் பார்ப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

சர்வீஸுக்கு விடும்போதே முன்பக்கம் இடதுபுறம் கீச்சென்று சத்தம் வருகிறது என்று சொல்லியிருந்தேன். பல கார்களில் பேடோடு சேர்த்து ஒரு சின்ன உலோக நாக்கு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து கடைசிக்கு வரும்போது அது டிஸ்க்கில் உரசிக் கத்தும், மாற்றுங்கள் என்று சொல்வதற்காகவே வைத்தது. காரை வாங்கிக்கொள்கிற சர்வீஸ் அட்வைசர் அதை ஜாப் கார்டில், அதாவது என்ன வேலை செய்ய வேண்டும் என்று குறிக்கும் தாளில், எழுதிக்கொண்டார். மாலையில் போனபோது, "பேடு மாத்தியாச்சு சார். புதுசு செட் ஆகுற வரைக்கும் கொஞ்சம் சத்தம் இருக்கும், பயப்படாதீங்க" என்றார். புதுப் பேடு டிஸ்க்கோடு படிந்து வரச் சில நூறு கி.மீ. ஆகும் என்பது உண்மை. அதனால் நம்பினேன். உண்மையை வைத்தே ஏமாற்றியதுதான் இதில் எனக்குத் தாங்கவில்லை.

முதல் சந்தேகம் பிரேக்கால் வரவில்லை. மகளின் கிரேயான் ஒன்று க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அதை எடுக்க பாக்ஸைக் கழற்றினேன். எங்கள் காரில் கேபின் ஃபில்டர், அதாவது ஏசி காற்றை வடிகட்டுகிற ஃபில்டர், அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து இழுத்தேன். மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய வெள்ளைத் துணி கறுத்து, மடிப்புகளே தெரியாமல் தூசியால் நிறைந்திருந்தது. நடுவில் காய்ந்து நொறுங்கிய இலைத் துணுக்குகள், ஏதோ ஒரு பூச்சியின் ஒற்றை இறக்கை. ஓரத்தில் அச்சடித்திருந்த தேதியைத் துடைத்துப் பார்த்தேன். கார் தயாரான அதே வருடம்! பில்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். 20,000 கி.மீ. சர்வீஸில் கேபின் ஃபில்டர் மாற்றம், 40,000இல் மறுபடியும் மாற்றம். இரண்டு முறை மாற்றிய ஃபில்டர் பிறந்ததிலிருந்து அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. டஸ்ட் அலர்ஜி இருக்கிற குழந்தை இரண்டரை வருடமாக அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இன்ஜின் ஆயில் மட்டும் உண்மையிலேயே மாற்றியிருந்தார்கள். ஆனால் டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கிற கம்பியில், மேல் கோட்டையும் தாண்டி நின்றது. ஆயில் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை. அளவு மீறினால் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரைத்த ஆயில் சரியாக உயவு கொடுக்காது.

அந்த வாரமே ஒரு மலைப்பாதையில் இறங்கும்போது கீச் சத்தம் கரகரவென்று மாறியது. பெடலில் கால் வைத்தால் அதிர்வு பாதம் வரை வந்தது. பின்சீட்டில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டாம் கியரில் போட்டு, ஊர்ந்து இறங்கி, கீழே வந்ததும் காரை நிறுத்திவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டேன்.

காரை நேரே டீலரிடம் அனுப்பவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன், ஆனால் எதையும் மாற்ற வேண்டாம், பார்த்து மட்டும் சொல்லுங்கள் என்றேன். இது முக்கியம். வெளியாள் கைவைத்துவிட்டார் என்று ஒப்பந்தத்தைக் காட்டிவிடுவார்கள், ஆதாரமும் போய்விடும். அவர் ஜாக் போடுவதற்கு முன்பே குனிந்து சக்கர நட்டுகளைப் பார்த்தார். நட்டைச் சுற்றிச் சேறும் பிரேக் தூசியும் சேர்ந்து இறுகி ஒரு வளையமாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார், ஓடு மாதிரிப் பெயர்ந்து வந்தது. "தம்பி, இந்த சக்கரத்தக் கழட்டி வருசக்கணக்காச்சு" என்றார்.

கழற்றினார். பேடுகளை டிஸ்க்கோடு அழுத்துகிற இடதுபுறக் கேலிப்பரின் கைடு பின், அதாவது கேலிப்பர் நகர்வதற்கான கம்பி, துருவேறி இறுகிப்போயிருந்தது. அப்படி இறுகினால் கேலிப்பர் நகராது, உட்பக்கப் பேடு மட்டும் வேகமாகத் தேயும். அதுதான் நடந்திருக்கிறது. டிஸ்க்கில் விரல் வைத்தால் இசைத்தட்டுப் போல வரிவரியாகப் பள்ளம். பிறகு வலது சக்கரம். அங்கே பின் நன்றாகவே நகர்ந்தது, பேடு இரண்டும் சமமாகத்தான் தேய்ந்திருந்தன, மிச்சம் 3 மி.மீ. புதுப் பேடில் உராய்வுப் பகுதி பொதுவாக 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். ஆறு வாரத்தில், இரண்டாயிரம் கி.மீ.கூட ஓடாமல், அது 3 மி.மீ. ஆகாது.

பில்லில் பிரேக் ஆயிலும் மாற்றியதாக இருந்தது. டப்பாவைத் திறந்தால் உள்ளே கரும்பழுப்பு. புதிது வெளிர்மஞ்சளாக இருக்கும். இது நிறம் பற்றிய பிரச்சினை மட்டும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் பல கம்பெனிகள் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். நாங்கள் இறங்கியது அப்படி ஒரு இறக்கம்தான். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

டீலரிடம் போனேன். அட்வைசர் முகம் மாறாமல், "கேலிப்பர் ஜாம் ஆகி புதுப் பேடு தேஞ்சிருக்கும் சார்" என்றார். சரி, வலது பக்கம் ஏன் தேய்ந்தது என்று கேட்டேன். மேனேஜரைக் கூப்பிட்டார். அந்த மேனேஜர் சொன்னதை மறக்கவே மாட்டேன்: "சார், எங்க கஸ்டமர் லீஸ் கம்பெனி. அவங்க கேட்டா பதில் சொல்றோம்." லீஸ் நிறுவனத்தில் கேட்டால், ஜாப் கார்டு இருக்கிறது, டெக்னீஷியன் கையெழுத்து இருக்கிறது, எங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். எங்கள் ஆபீஸ் அட்மினோ, "அங்கீகரிக்கப்பட்ட டீலரைத் தவிர வேறு எங்கேயும் விடக்கூடாது, ஒப்பந்தம் அப்படி" என்பதோடு முடித்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து அட்மினுக்கு லீஸ் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம். பேடு முழுக்கத் தேயும்வரை ஓட்டியது ஓட்டுநரின் கவனக்குறைவு, எனவே டிஸ்க் மாற்றும் செலவு என் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட வேண்டும் என்று! சத்தம் வருகிறது என்று ஜாப் கார்டில் எழுதவைத்தவன் நான்.

காப்பாற்றியது காரில் இருந்த டிராக்கர். நாங்கள் எங்கே போகிறோம் என்று பார்க்க லீஸ் நிறுவனமே பொருத்தியது. சர்வீஸ் அன்றைய பதிவை எடுத்துத் தரச் சொல்லி அட்மினுக்கு எழுத்தில் கேட்டேன். இரண்டு முறை நினைவூட்டிய பிறகு வந்தது. காலையில் இன்ஜின் 4 நிமிடம், பகலில் 9 நிமிடம், மாலையில் 6 நிமிடம். நாள் முழுக்க மொத்தம் 19 நிமிடம். பில்லில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, இருந்தது, அதைத் தொடர்ந்து ரோட் டெஸ்ட்டும் இருந்தது. கார் அந்த வளாகத்தை விட்டு வெளியே போகவே இல்லை. ஓடோமீட்டரும் அதையே சொன்னது. அலைன்மென்ட் செய்தால் மெஷினிலிருந்து முன், பின் அளவுகளோடு ஒரு தாள் அச்சாகி வரும், அதைக் கொடுங்கள் என்றேன். கடைசிவரை தரவில்லை.

அதன்பிறகுதான் குரல்கள் இறங்கின. சம்பளத்தில் பிடிப்பதைக் கைவிட்டார்கள். டிஸ்க், பேடு, கைடு பின், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் டீலர் இலவசமாக மாற்றிக் கொடுத்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தவறு நடந்தது என்று ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. "முழுத் திருப்தி" என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போடவில்லை.

ஏன் இப்படி என்று அந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் முன்பு ஒரு டீலரிடம் வேலை பார்த்தவர். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நேரம் என்று முன்கூட்டியே கணக்கு வைத்திருப்பார்கள், சில இடங்களில் மெக்கானிக்குக் கூலியும் அந்தக் கணக்குப்படிதான், சீக்கிரம் முடித்தால் அவனுக்கு லாபம், செய்யாமலே முடித்தால் இன்னும் லாபம் என்றார். அட்வைசருக்கோ மாத டார்கெட். இது புதிய நோய் இல்லை. 1992இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அரசு, சியர்ஸ் நிறுவனத்தின் கார் பழுதுபார்க்கும் நிலையங்களுக்கு வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பிப் பார்த்து, தேவையில்லாத வேலைகளை விற்பதாகக் குற்றம் சாட்டியது. அதன்பின் அந்த நிறுவனம் அட்வைசர்களுக்குக் கொடுத்த கமிஷன் முறையையே கைவிட்டது. தனி ஆட்களின் கெட்ட குணம் என்று நான் இப்போது நினைப்பதில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்த காரில் இது நடக்கும், கம்பெனி கார் அப்படிப்பட்ட கார்.

நீங்களும் இப்படி ஒரு கார் வைத்திருந்தால், சர்வீஸுக்கு முந்தின நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு சின்னக் குறி போட்டுப் படம் எடுங்கள். சக்கர நட்டு ஒன்றின் மேலிருந்து ரிம் வரை மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள், சக்கரத்தைக் கழற்றினால் அந்தக் கோடு நேராகத் திரும்பி வராது. ஓடோமீட்டர், டிப்ஸ்டிக், பிரேக் ஆயில் டப்பா, மூன்றையும் படம் எடுங்கள். பழைய பாகங்களை எனக்குக் காட்ட வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதவைத்து, அந்தக் கார்டின் நகலைக் கையோடு வாங்குங்கள். வாயால் சொன்னால் மாலைக்குள் அவை குப்பைக்குப் போய்விடும். சர்வீஸ் விளக்கு அணைந்துவிட்டதே என்று நம்பாதீர்கள், எதையும் மாற்றாமலே அதை அணைக்கலாம். பில் நகலை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஏதாவது தவறாக இருந்தால் போனில் பேசாமல் மெயிலில் எழுதுங்கள், டீலர், லீஸ் நிறுவனம், உங்கள் அட்மின் மூவரையும் ஒரே மெயிலில் வைத்து. தனித்தனியாகப் பேசினால் ஒருவர் மற்றவரைக் கை காட்டிக்கொண்டே இருப்பார்கள், எனக்கு இரண்டு வாரம் அப்படித்தான் போனது.

எங்கள் ஆபீஸில் இதே லீஸில் இன்னும் பதினோரு பேர் கார் வைத்திருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பார்க்கிங்கில் எல்லோரும் கேபின் ஃபில்டரைத் திறந்து பார்த்தோம். நான்கு கார்களில் பில்படி மாற்றியது, உள்ளே பழையது. படங்களையும் பில்களையும் சேர்த்து ஒரே புகாராக அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.