‘ஐசொலேட்டட்’ என்று எழுதியிருந்த பெட்டிக்குள் டெய்சி செயின்: மூன்று பெடல் காசு போச்சு

பெடல்போர்டுக்கு (கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்களை அடுக்கிய பலகை) பவர் சப்ளை வாங்கப் போகிறவர்கள், கையில் எடுத்த கார்டை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். உள்ளே இருந்தது வெறும் டெய்சி செயின், அதாவது ஒரே பவர் ஒயரிலிருந்து எல்லாப் பெடலுக்கும் கிளை பிரித்துக் கொடுப்பது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஆத்திரம் அடங்கவில்லை. வார்த்தை எங்கேயாவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய இடம் பெரிய இணைய விற்பனைத் தளம் ஒன்று. விற்றவர் அதில் கடை விரித்திருக்கும் ஒரு விற்பனையாளர். கொடுத்த தொகைக்கு நல்ல ஓவர்டிரைவ் பெடல் மூன்று வாங்கியிருக்கலாம், அதனால் மூன்று பெடல் காசு என்றே சொல்கிறேன். விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தது: எட்டு அவுட்புட், ஒவ்வொன்றும் 9 வோல்ட் 500 மில்லி ஆம்பியர், ‘எட்டும் முழுக்க ஐசொலேட்டட்’, அதாவது ஒன்றுக்கொன்று மின் இணைப்பே இல்லாதவை. கூடவே ஒரு படம். எட்டு ஜாக், எட்டுக்கும் பின்னால் தனித்தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். ஏமாந்தது அந்தப் படத்தில்தான். சந்தேகத்துக்கு, ‘எல்லா அவுட்புட்டின் கிரவுண்டும் தனித்தனியா?’ என்று கேள்விப் பெட்டியில் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில்: ‘ஆம், எட்டும் தனித்தனி, கவலையின்றி வாங்கலாம்.’ இவ்வளவு சுருக்காகப் பதில் தருகிறவர் பொய்யா சொல்லப் போகிறார் என்று நம்பிப் பணம் கட்டியாயிற்று.

ஐசொலேட்டட் என்ற ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு விலை என்பது புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம். பெடல்கள் ஏற்கெனவே பேட்ச் கேபிளின் (பெடலுக்குப் பெடல் ஒலியைக் கொண்டுபோகும் ஒயர்) ஷீல்டு வழியாக கிரவுண்டில், அதாவது மின்சாரம் திரும்பும் பொது முனையில், இணைந்திருக்கின்றன. பவர் ஒயரின் மைனஸும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தால், கிரவுண்டுக்கு இரண்டாவது வழி திறந்து ஒரு வளையம் உருவாகிறது. டிஜிட்டல் பெடல் துடித்துத் துடித்து இழுக்கும் மின்னோட்டம் அந்தப் பொது ஒயரில் சின்னச் சின்ன வோல்டேஜ் ஏற்ற இறக்கங்களை உண்டாக்கும். பக்கத்தில் இருக்கும் ஓவர்டிரைவ் அதையும் கிட்டார் சிக்னல் என்று நினைத்துப் பல மடங்கு பெருக்கித் தரும். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் சுற்றோ தனி ஐசொலேட்டட் கன்வெர்ட்டரோ இருந்தால் இந்த வழி அறுந்துவிடும். நாம் பணம் கொடுப்பது அந்த அறுப்புக்குத்தான். பெட்டியின் பளபளப்புக்கு இல்லை.

போர்டு சின்னது: ட்யூனர், ஃபஸ், ஓவர்டிரைவ், டிஜிட்டல் டிலே, ரிவெர்ப். மாட்டிய முதல் நாளே ஓவர்டிரைவை அழுத்தினால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். ட்யூனரை ஆன் செய்தால், அதன் விளக்குகள் ஓடுவதற்கேற்ப டிக் டிக் என்று மெலிதான இடிப்பு. உங்களுக்கும் இப்படி வந்தால் முதலில் செய்ய வேண்டியது: டிலேயை சிக்னல் வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆனால் அதன் பவர் ஒயரை மட்டும் அதே பெட்டியில் விட்டுவையுங்கள். ஆடியோ இணைப்பே இல்லாத டிலே இன்னும் ரீங்காரத்தைக் கொடுத்தால் சத்தம் பவர் வழியாக வருகிறது என்று அர்த்தம். பிறகு டிலேக்கு மட்டும் வேறு அடாப்டர் கொடுத்துப் பாருங்கள். இங்கே அடாப்டர் மாற்றியதும் நிசப்தம்.

ரிவெர்ப் கதை இன்னும் மோசம். 9 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் கேட்கும் பெடல் அது. பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும், திடீரென்று அணையும், தானே திரும்ப உயிர்பெறும், மறுபடி அணையும். 500 என்று அச்சடித்த ஜாக்கில் 300 ஓடவில்லை!

மல்டிமீட்டர் எடுத்தாயிற்று. சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கி, எல்லாப் பெடலையும் கழற்றிவிட்டு, கண்டினியூட்டியில் (இரண்டு முனையும் இணைந்திருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து ஒரு ஒயரின் நடு ஓட்டையையும் இன்னொரு ஒயரின் நடு ஓட்டையையும் தொட வேண்டும். வழக்கமான பெடல் பிளக்கில் நடுப்பகுதிதான் மைனஸ். (பெடல் மாட்டியபடி அளந்தால் பேட்ச் கேபிள் வழியாகவே பீப் அடிக்கும், அப்புறம் நல்ல சப்ளையையும் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.) நிஜ ஐசொலேட்டட் என்றால் பீப் வராது. நடுவில் கெப்பாசிட்டர் ஏதாவது இருந்தால் எண் ஒரு கணம் காட்டிவிட்டு ஏறி மறையும், அவ்வளவுதான். இங்கே எந்த இரண்டைத் தொட்டாலும் பீப், அரை ஓம்கூட இல்லை. முதல் ஜாக்கை மற்ற ஏழோடு மட்டும் சோதித்து நிறுத்திவிடாதீர்கள், மற்ற ஜாக்குகளில் சிலவற்றை மட்டும் உள்ளுக்குள் சேர்த்துக் கட்டிய பெட்டிகளும் உண்டு. எட்டு ஜாக்குக்கு 28 ஜோடி. ஐந்து நிமிட வேலை.

அடுத்தது லோடு சோதனை, அதாவது அச்சடித்த மின்னோட்டத்தை நிஜமாகவே இழுத்துப் பார்ப்பது. 18 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். 9 வோல்ட்டில் அது 500 மில்லி ஆம்பியர் இழுக்கும், நாலரை வாட் சூடாகும், வெறும் கையால் தொடாதீர்கள். கால் வாட் ரெசிஸ்டரை வைத்தால் புகைதான் மிச்சம். மாட்டியவுடன் 8.8 வோல்ட் காட்டியது. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு வோல்ட்கூட இல்லை.

இதையெல்லாம் படமெடுத்து விற்பனையாளருக்கு அனுப்பியதும் ஆரம்பித்தது நாடகம். ‘அன்பான வாடிக்கையாளரே, உங்கள் பேட்ச் கேபிளை மாற்றிப் பாருங்கள்.’ மாற்றியாயிற்று. ‘உங்கள் கட்டடத்தின் எர்த்திங்கைச் சரிபார்க்கவும்.’ சுவரிலிருந்தே பிடுங்கி வைத்து அளந்ததற்கும் எர்த்திங்குக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு இரண்டு நாள் மௌனம். அப்புறம் வந்ததுதான் உச்சம்: ‘ஐசொலேட்டட் என்றால் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனி ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டு என்று பொருள்.’ அகராதியையே மாற்றிவிட்டார்கள். தளத்திடம் முறையிட்டால், பார்சல் பிரித்த வீடியோ கேட்கிறார்கள். வீடியோவில் கிரவுண்டு தெரியுமா? இவர்கள் கேட்டதையெல்லாம் செய்துகொண்டிருந்ததில் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிட்டது. ‘வருந்துகிறோம், கெடு முடிந்தது.’ மூன்று பெடல் காசு.

கெடுவே போன பிறகு வாரண்டி ஸ்டிக்கர் எதற்கு? அடிமூடியைக் கழற்றினேன். படத்தில் இருந்த எட்டு டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு ஸ்டெப் டவுன் கன்வெர்ட்டர் சிப், ஒரு காயில், இரண்டு கெப்பாசிட்டர். அதிலிருந்து எட்டு ஜாக்குக்கும் ஒரே அகலமான செம்புத் தடம், எட்டு மைனஸும் அதில்தான். ஒவ்வொரு ஜாக்கின் பிளஸ்ஸிலும் மிளகளவு ஒரு பாலிஃபியூஸ் (மின்னோட்டம் மிஞ்சினால் சூடாகி வழியை அடைத்து, ஆறியதும் திறக்கும் ஃபியூஸ்), பக்கத்தில் நீல விளக்கு. ‘தனிப் பாதுகாப்பு’ இதுதான். ரிவெர்ப் ஏன் அணைந்து அணைந்து எரிந்தது என்பதற்கும் இங்கேயே பதில். பாலிஃபியூஸ் தாங்கும் அளவு, சுற்றியுள்ள வெப்பம் ஏற ஏறக் குறையும். உலோகப் பெட்டி சூடானதும் 300 மில்லி ஆம்பியரே அதற்கு அதிகமாகி வழியை அடைக்கிறது, பெடல் அணைகிறது, ஃபியூஸ் ஆறுகிறது, மீண்டும் திறக்கிறது.

டெய்சி செயின் ஒன்றும் பாவப்பட்ட சாமான் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நாலைந்து அனலாக் பெடல், ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நல்ல 9 வோல்ட் அடாப்டரும் ஒரு டெய்சி செயின் கேபிளும் தாராளம். அதைத் தகரப் பெட்டிக்குள் போட்டு, நீல விளக்கு வைத்து, மூன்று பெடல் காசு வாங்கியதுதான் கொள்ளை.

சத்தத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. ஐசொலேட்டட் என்று நம்பித்தான் பாசிட்டிவ் கிரவுண்டு ஃபஸ்ஸையும் இதில் மாட்டினேன். பழைய பாணி பிஎன்பி ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ்ஸில் ஆடியோ கிரவுண்டு பிளஸ்ஸோடு சேர்ந்திருக்கும். மற்ற பெடல்களில் அது மைனஸோடு. பேட்ச் கேபிளைச் சொருகிய நொடியில் பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டி நேரடி ஷார்ட், போர்டு முழுக்க இருட்டு. இரண்டு 9 வோல்ட் அவுட்புட்டைத் தொடராகச் சேர்த்து 18 ஆக்கும் கேபிளும் அப்படியே. கிரவுண்டு பொதுவாக இருந்தால் ஓர் அவுட்புட்டின் பிளஸ் நேராக மைனஸில் போய் இடிக்கும். (ஃபஸ்ஸுக்கு இப்போது பேட்டரிதான். ஒரு மில்லி ஆம்பியரைச் சுற்றித்தான் இழுக்கும், பல வாரம் வரும். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சும்மா கிடந்தே தீர்ந்துவிடும்.)

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு.

வாங்கும் முன் கூட வரும் அடாப்டரின் லேபிள் படத்தைக் கேளுங்கள். எட்டு அவுட்புட் × 9 வோல்ட் × அரை ஆம்பியர் = 36 வாட், கன்வெர்ட்டர் இழப்பு வேறு. இதோடு வந்த அடாப்டர் 18 வோல்ட் 1 ஆம்பியர், மொத்தமே 18 வாட். இந்த ஒரு கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

‘ஐசொலேட்டடா?’ என்று கேட்காதீர்கள். ‘இரண்டு அவுட்புட்டின் மைனஸுக்கு நடுவே மல்டிமீட்டர் என்ன காட்டும்?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

‘தனிப் பாதுகாப்பு’, ‘சத்தமில்லாத வடிகட்டல்’, ‘ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு’, இவை எதுவும் ஐசொலேஷன் ஆகாது.

உங்கள் பெடல்கள் இழுக்கும் மில்லி ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். சில ட்யூனர்களில் பிரகாசத்தைக் கூட்டினாலே இழுவை இரண்டு மூன்று மடங்காகும். ஜாக்கில் ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தப்பில்லை, பெடல் தாங்கும் அளவுக்கு மேல் வோல்ட் போனால் பெடல் காலியாகலாம்.

வந்த அன்றே அளந்துவிடுங்கள். அவர்கள் சொல்லும் கேபிளையெல்லாம் மாற்றிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், முதல் பீப் கேட்டதும் திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள். ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தளத்திலிருந்து செய்தி வருகிறது: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’