பழைய ஹைலக்ஸில் 2எல் போய் 3எல்: எது நேராக உட்காரும், எது உட்காராது

டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப்பில் 2எல் இன்ஜின் (2எல், 3எல் என்பவை டொயோட்டா இன்ஜின் பெயர்கள், லிட்டர் அளவல்ல) தேய்ந்துபோனால், இன்னொரு பழைய 2எல் தேடி அலைவதைவிட 3எல் போடுவதே மேல். இரண்டும் ஒரே குடும்பம். 2எல்லில் போர் (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) இரண்டுமே 92 மி.மீ., 2446 சிசி. 3எல்லில் இரண்டும் 96 மி.மீ., 2779 சிசி. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள் ஒன்றே என்பதால் கியர்பாக்ஸை மாற்ற வேண்டாம். 5எல்லும் இதே வரிசைதான்: ஸ்ட்ரோக் அதே 96, போர் மட்டும் 99.5, மொத்தம் 2986 சிசி. ஆனால் 5எல்-இ என்று முத்திரை இருந்தால் டீசல் பம்ப் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடுவது. ஒயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார் எல்லாம் முழுசாகக் கூட வராவிட்டால் தொட வேண்டாம். 22ஆர் பெட்ரோல் வண்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதன் பெல் ஹவுசிங்கே வேறு.

இன்ஜின் பிளாக் உட்கார்ந்துவிடும், அதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. வேலையை இழுத்தடிப்பது பிளாக்கைச் சுற்றித் தொங்கும் உதிரிகள். வேனிலிருந்து கழற்றிய 3எல் நிறையக் கிடைக்கும், ஆனால் அதன் ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பிக்கப்பின் கிராஸ் மெம்பரில் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) இடிக்கலாம். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் டிஃபரன்ஷியலும் குறுக்கே நிற்கும். அப்போது பழைய இன்ஜினின் சம்ப், ஆயில் ஸ்ட்ரெய்னர், டிப் ஸ்டிக், அதன் குழாய் நான்கையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். சம்பை மட்டும் மாற்றிவிட்டு டிப் ஸ்டிக்கை விட்டுவிட்டால் அளவு தப்பாகக் காட்டும். ஆயில் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. மவுண்டிங் பிராக்கெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், வெப்பமானி சென்சார் மூன்றையும் பழையதிலிருந்தே எடுத்துப் போடுங்கள். சென்சாரின் மின்தடை வேறாக இருந்தால் மீட்டர் பொய் சொல்லும், அந்தப் பொய்யை நம்பித்தான் சிலிண்டர் ஹெட் வெடிக்கிறது. ஆகவே புது இன்ஜின் ஒழுங்காக ஓடி நிலைக்கும்வரை பழைய இன்ஜினைக் காயலானுக்குப் போட்டுவிடாதீர்கள்.

வாங்கப் போகும்போது முதலில் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. கம்ப்ரஷன் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது: நல்ல நிலையில் சதுர செ.மீ.க்கு 32 கிலோ, 20க்குக் கீழே போனால் வேண்டாம், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5க்குள் இருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து வேகம் கூட்டும்போது தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் விரிசலோ கேஸ்கட்டோ, இரண்டில் ஒன்று. ஹெட் கேஸ்கட் மூன்று கனத்தில் வருகிறது. பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜில் அளந்துதான் எது என்று முடிவு செய்ய வேண்டும். கடையில் இருந்ததைப் போட்டேன் என்றால் கம்ப்ரஷன் குறையும், அல்லது பிஸ்டன் வால்வைத் தொடும்.

ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்த இன்ஜினா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். அதில் ஃபிளைவீல் இருக்காது, மெல்லிய டிரைவ் பிளேட்தான். கிராங்க்கின் பின்முனைக் குழியில் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கும் இருக்காது. பழைய ஃபிளைவீலை மாட்டிவிட்டு இந்தப் பேரிங்கை மறந்தால் வண்டி ஓடத்தான் செய்யும். கொஞ்ச நாளில் கிளட்ச் அழுத்தும்போது முனகல் கேட்கும், கியர் விழ அடம்பிடிக்கும், கடைசியில் கியர்பாக்ஸின் முன் பேரிங் போகும்.

கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது கடைசி 10 மி.மீ. இடைவெளி மூடாமல் நிற்கும். நாலு போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும் இடம் அது. இழுத்தால் கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் வளையும், இல்லை பெல் ஹவுசிங்கின் காது உடையும். நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிளேட் நடுவில் இல்லாததுதான். கியர்பாக்ஸை டாப் கியரில் போட்டு, பின்பக்க ஷாஃப்டைக் கையால் மெல்லத் திருப்பினால் ஷாஃப்டிலும் கிளட்ச் பிளேட்டிலும் உள்ள ஸ்பிளைன் பற்கள் ஒன்றோடு ஒன்று இறங்கும். பிறகு இரண்டு முகமும் கையாலேயே சேர வேண்டும். சேர்ந்த பின்தான் போல்ட்.

டீசல் பம்ப் 3எல்லுடையதே இருக்கட்டும். 2எல் பம்ப்பை மாட்டினால் ஓடும், ஆனால் டீசல் அளவு போதாமல் பெரிய இன்ஜின் போட்டதே தெரியாது. டைமிங்கை (டீசல் பீய்ச்சும் நேரம்) பழைய கீறலைப் பார்த்து வைப்பது பாதி வேலை. பம்ப்பின் பின்னால் உள்ள நடு போல்ட்டைக் கழற்றி டயல் கேஜ் வைத்து பிளஞ்சர் எழும்புவதை அளப்பதே சரி. டைமிங் முன்தள்ளி நின்றால் இன்ஜின் கடகடவென்று தட்டும். பின்தங்கினால் காலையில் வெள்ளைப்புகை, மேட்டில் இழுவை இல்லை. குளிரில் ஸ்டார்ட் ஆக அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கிலும் கவனம்: பழைய ஹைலக்ஸ்களில் 6 வோல்ட் பிளக்கும் உண்டு, நேராக 12 வோல்ட் வாங்குவதும் உண்டு. 6 வோல்ட் பிளக்குக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் முனை ஊதி உடைந்து அறைக்குள் விழும். வண்டியின் ரிலேக்கு ஏற்ற பிளக்கை வாங்கி நான்கையும் மாற்றிவிடுங்கள். எல்லாம் முடிந்தும் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், பம்ப் மேலுள்ள டீசல் நிறுத்தும் சோலனாய்டுக்கு ஒயர் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். டீசல் குழாயில் ஏர் எடுக்கிறேன் என்று பாதி நாளை வீணாக்குபவர்கள் அதிகம்.

ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டிய வேக்கம் பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்குக் காற்றிழுக்கிறது. அதற்கு ஆயில் வரும் குழாய், திரும்பும் ஹோஸ் இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஹோஸ் மடங்கினால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கும். ஆயிலே வராவிட்டால் பம்ப் கவ்வும், பெடல் கல்லாகும். இரண்டுக்கும் புது ஹோஸ் போடுங்கள், விலை ஒன்றுமில்லை.

தொடர்ந்து ஓட்டும்போது முதலில் வித்தியாசம் தெரிவது சுமையோடு மேடேறுகையில்தான். 2எல் மூன்றாம் கியருக்கு இறங்கிய இடத்தில் 3எல் நான்கிலேயே ஏறிவிடும். டாப் ஸ்பீடில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். டிஃபரன்ஷியல் அதேதானே. கூடுதல் இழுவையின் கூலியை முதலில் கொடுப்பது பழைய கிளட்ச்: டாப் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது. அடுத்தது ரேடியேட்டர். அடைப்புள்ள 2எல் ரேடியேட்டர் சமதளத்தில் சமாளிக்கும், நீண்ட ஏற்றத்தில் கைவிடும். ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விழும் வழி அதுதான்.

முதல் 1000 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, மவுண்டிங், எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். டைமிங் பெல்ட்டை, விற்றவர் என்ன சொன்னாலும், இன்ஜின் கீழே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். டென்ஷனர், கிராங்க், கேம் சீல்களும் கூடவே. அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும். அதன்பின் 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை. டாஷ்போர்டில் எரியும் டி-பெல்ட் விளக்கு ஓடோமீட்டரை வைத்துத்தான் எரிகிறது, உள்ளே எந்த இன்ஜின் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெல்ட் மாற்றிய அன்று ஓடோமீட்டர் எண்ணை டைமிங் கவரிலேயே பெயிண்ட் பேனாவால் எழுதி வையுங்கள்.