கடிகாரம் வந்த பிறகு பேஸ்பால்: பார்வையாளர் இருக்கையிலிருந்து ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்களைப் பல பருவங்களாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், 2023இல் நடைமுறைக்கு வந்த வேக விதிகள் மைதான அனுபவத்தை எப்படி மாற்றியிருக்கின்றன என்பதை, காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கும் ரசிகரின் நிலையில் நின்று மதிப்பிடுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு பந்தும் வீசப்படுவதற்கு முன் விநாடிகளை எண்ணும் பிட்ச் கடிகாரம் ஆட்டத்தைச் சுருக்கவில்லை, ஆட்டத்துக்கு நடுவே புகுந்திருந்த வெற்று நேரத்தை அகற்றியிருக்கிறது.

2021இல் ஒன்பது இன்னிங்ஸ் (ஒரு இன்னிங்ஸில் இரு அணிகளும் ஒவ்வொரு முறை மட்டை பிடிக்கும்) ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 10 நிமிடத்தை எட்டியிருந்தது. நீண்ட ஆட்டம் என்பது குறையாகாது. நல்ல ஆட்டம் நான்கு மணி நேரம் நீடித்தாலும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால், ஒவ்வொரு பந்துக்கும் முன்பு பிட்சர் (பந்து வீசுபவர்) தாம் நின்று வீசும் மேட்டைச் சுற்றி நடப்பதையும், பேட்டர் தாம் நிற்கும் கட்டத்தை விட்டு வெளியே வந்து கையுறைப் பட்டையை அவிழ்த்து மறுபடியும் இறுக்குவதையும் பார்ப்பதிலேயே மாலைப் பொழுது கரைந்தது. இப்போது பேஸ்களில் (ஓட்டக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்களில்) ஆள் இல்லாதபோது பிட்சர் 15 விநாடிக்குள் வீசத் தொடங்க வேண்டும். ஆள் இருந்தால் 2023இல் 20 விநாடி அனுமதிக்கப்பட்டது, 2024 முதல் 18 விநாடிதான். கடிகாரம் 8ஐக் காட்டும்போது பேட்டர் தயாராக நிற்க வேண்டும். பிட்சர் தவறினால் ஒரு பால் (நான்கு சேர்ந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் கிடைக்கும்), பேட்டர் தவறினால் ஒரு ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் பேட்டர் அவுட்) கணக்கில் ஏறிவிடும். இதன் பலனாக 2023இல் சராசரி நேரம் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. வார நாளில் பிள்ளைகளை அழைத்து வரும் குடும்பங்கள் ஏழாவது இன்னிங்ஸிலேயே எழுந்து போக வேண்டிய நிலை பெரிதும் குறைந்ததை நான் கண்ணாரக் காண்கிறேன். அந்தப் பருவத்தில் மைதானங்களுக்கு வந்தோர் எண்ணிக்கை 7 கோடியைத் தாண்டியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும், இதற்கும் அதில் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

நான் எதிர்பாராமல் கிடைத்த பெரும் இன்பம் பேஸ் திருட்டு, அதாவது பந்து அடிக்கப்படாமலேயே ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது. ஒரு பேட்டரை எதிர்கொள்ளும்போது பிட்சர் இரண்டு முறை மட்டுமே மேட்டில் பதித்த பலகையிலிருந்து காலை எடுக்கலாம் அல்லது ஓட்டக்காரரைப் பிடிக்க பேஸுக்கு எறியலாம். மூன்றாம் முறை முயன்று ஓட்டக்காரரை வீழ்த்தத் தவறினால் அவருக்கு அடுத்த பேஸ் இலவசமாகக் கிடைத்துவிடும். பேஸ்களின் பக்கமும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கப்பட்டது. 2022இல் 2,486ஆக இருந்த வெற்றிகரமான திருட்டுகள் அடுத்த ஆண்டே 3,503ஆக உயர்ந்தன. ரொனால்ட் அக்குன்யா ஜூனியர் ஒரே பருவத்தில் 40க்கு மேற்பட்ட ஹோம் ரன்களையும் 70க்கு மேற்பட்ட திருட்டுகளையும் சேர்த்த முதல் வீரரானார். பிட்சர் இரண்டு வாய்ப்புகளையும் செலவழித்துவிட்டார் என்று அறிந்த ஓட்டக்காரர் இன்னும் ஓரடி தள்ளி நிற்கும் அந்தக் கணத்தில் அரங்கமே இருக்கை நுனிக்கு வந்துவிடுகிறது.

இழப்புகளும் உண்டு, அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை. 2023 ஏப்ரலில் கோடி பெலிஞ்சர் தம் பழைய அணியான டாட்ஜர்ஸின் மைதானத்துக்கு எதிரணி வீரராக வந்தபோது ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த வரவேற்பை அவர் ஏற்றுக்கொண்டிருக்கையிலேயே கடிகாரம் ஓடி முடிந்து அவர்மீது விதிமீறல் அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட தருணங்களில் நடுவர் தாமாகவே கடிகாரத்தை நிறுத்திவைப்பதே முறை. சிற்றுண்டி வாங்க வரிசையில் நின்றால் முன்பைவிடக் கூடுதலான ஆட்டம் கைநழுவிப் போகிறது. பிட்சர்களின் கைக்காயங்களுக்கும் குறைந்த ஓய்வுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வீரர் சங்கம் 2024இல் எழுப்பிய கவலையை லீக் மறுத்தது. என்றாலும், வீரர்களின் கையை நம்பி நடக்கும் ஆட்டத்தில் அந்தக் கேள்வியை எளிதில் மூடிவிடக் கூடாது.

பிட்சர், பேட்டர் இருவரின் விநாடிகளையும் இவ்வளவு கறாராக எண்ணும் லீக், அரை இன்னிங்ஸுகளுக்கு இடையே வரும் இரண்டு நிமிடத்துக்கும் மேற்பட்ட விளம்பர இடைவேளையில் கைவைக்காதது எனக்கு உண்மையான வருத்தம். ஒன்பது இன்னிங்ஸில் சமநிலை ஏற்பட்டால் பத்தாவதிலிருந்து இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரரைச் சும்மா நிறுத்தும் விதியையும் நான் ஏற்கவில்லை. கடிகாரம் சோம்பலைத்தான் வெட்டியது. இந்த விதியோ உழைத்துப் பெற வேண்டிய பேஸைத் தானமாகக் கொடுக்கிறது. பருவ இறுதியில் நடக்கும் கோப்பைச் சுற்றான பிளேஆஃப் ஆட்டங்களில் லீக்கே இதைப் பயன்படுத்துவதில்லை. பருவம் முழுவதும் அப்படியே இருக்கலாம்.

முதன்முறையாகச் செல்வோருக்கு என் பரிந்துரை: முதல் பேஸ் பக்கம், சற்று உயரத்தில், கடிகாரமும் பிட்சரின் காலும் ஒருசேரத் தெரியும் இடத்தில் இருக்கை வாங்குங்கள். உண்ண வேண்டியதை முதல் பந்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.