ஆறு டிஸ்க், நாலு போர்ட்: லினக்ஸ் பெட்டிக்கு எந்த கார்டு?

மதர்போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் நாலுதான், கையில் டிஸ்க் ஆறு. வீட்டில் ஒரு லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு என்றைக்காவது வந்தே தீரும் பிரச்சினை இது. சரி, ஒரு கார்டு வாங்கிச் செருகிவிடலாம் என்று ஆன்லைனில் தேடினால் 10 போர்ட், 16 போர்ட், 20 போர்ட் என்று பச்சையும் கறுப்புமாக வரிசை கட்டி நிற்கும். பக்கத்திலேயே ஏதோ டேட்டா சென்டரில் கழற்றிய பழைய சர்வர் கார்டு, அதற்கும் பக்கத்தில் பேட்டரி தொங்கும் ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டுவதுதான் ரெய்டு). மூன்று வகையையும் வெவ்வேறு சமயத்தில் வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் நன்றாகவே சூடுபட்டேன்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது 10 போர்ட் கார்டு, விலை மலிவு, பெயர் எதுவும் அச்சிடாத பெட்டி. நாலு டிஸ்க்கை அதில் மாட்டி ரெய்டு 5 போட்டேன், இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவுக்கு மேல் ரெய்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை தானாக ஓடும். மூன்றாவது மாதம் அது ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு டிஸ்க் பதில் சொல்லாமல் போக, லினக்ஸின் மையமான கெர்னல் அந்த இணைப்பை ரீசெட் செய்ய, அதே இணைப்பில் இருந்த இன்னொரு டிஸ்க்கும் சேர்ந்து விழுந்தது. ரெய்டு 5இல் ஒன்று போனால் பிழைக்கலாம், இரண்டு போனால் கதை முடிந்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஃபைல் சிஸ்டமே இல்லை. டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லாததால் கட்டாயப்படுத்தி ரெய்டை மறுபடி சேர்க்க முடிந்தது, டேட்டாவும் தப்பித்தது. ஆனால் அன்று மதியம் வரை சோறு இறங்கவில்லை.

ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே இருந்தது இரண்டே போர்ட் கொண்ட ஒரு சாட்டா சிப், அந்த ஒவ்வொரு போர்ட்டையும் ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கும் இரண்டு சின்னச் சிப்புகள். இதற்குப் பெயர் போர்ட் மல்டிபிளையர். ஒரு குழாயில் ஐந்து டேப் வைத்த மாதிரி: ஐந்தையும் ஒன்றாகத் திறந்தால் எதிலும் வேகம் இருக்காது, ஒன்றில் அடைப்பு என்றால் மற்ற நாலும் தடுமாறும். லினக்ஸுக்கு இது புரியாது என்றில்லை, இதற்கான ஆதரவு கெர்னலில் பல வருடமாக இருக்கிறது. ஆனால் டிஸ்க் பிழை வரும் நேரத்தில் எல்லாம் ஒரே இணைப்பில் தொங்குவது ரெய்டுக்கு ஆகாது. அதனால் ஒரு கார்டில் ஆறுக்கு மேல் சாட்டா போர்ட் இருந்து, விலையும் குறைவாக இருந்தால், எந்தச் சிப் என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

போர்ட் மல்டிபிளையர் இல்லாத நேரடிச் சாட்டா சிப்புகள் என்று பார்த்தால் பேச வேண்டியவை சிலதான். ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்1166: ஆறு போர்ட், பிசிஐஇ 3.0 (கார்டு செருகும் ஸ்லாட்டின் தலைமுறை), இரண்டு லேன் (ஸ்லாட்டில் டேட்டா போகும் பாதை). ஜேமைக்ரானின் ஜேஎம்பி585: ஐந்து போர்ட், அதே 3.0, அதே இரண்டு லேன். ஏஎஸ்எம்1064: நாலு போர்ட், ஆனால் ஒரு லேன்தான். அப்புறம் மார்வெலின் 9215, 9230 என்ற பழைய ஆட்கள், இரண்டும் நாலு போர்ட், பிசிஐஇ 2.0. மார்வெலை இன்றைக்குப் புதிதாக வாங்கக் காரணமே இல்லை. விர்ச்சுவல் மெஷினுக்காக ஐஓஎம்எம்யூவைப் (எந்தச் சாதனம் எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி) போட்டால் இந்தக் குடும்பத்துச் சிப்புகள் வேறொரு சாதனத்தின் பெயரில் டேட்டா கேட்டுக் குழப்பும், அதற்காகவே கெர்னலில் தனியாக ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள்.

லேன் கணக்கு ஏன் முக்கியம் என்றால், பிசிஐஇ 2.0இல் ஒரு லேன் என்பது நொடிக்கு 500 எம்பி, அதிலும் கைக்கு வருவது 400 சொச்சம். நாலு டிஸ்க் ஒரே நேரத்தில் படித்தால் தலைக்கு 100. சாதாரண நாளில் இது தெரியவே தெரியாது, வீட்டு நெட்வொர்க்கே 1 ஜிகாபிட்தான். ஆனால் 8 டிபி டிஸ்க் ஒன்று செத்துப்போய், புதுசு மாட்டி ரெய்டை மீண்டும் கட்டும்போது சராசரியாக 200 எம்பி வேகத்தில் 11 மணி நேரத்தில் முடிய வேண்டியது 22 மணி நேரம் ஆகும், அந்த 22 மணி நேரமும் இன்னொரு டிஸ்க் போகக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஏஎஸ்எம்1166இல் இரண்டு லேனுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 1,900 எம்பி, ஆறு டிஸ்க்கும் தலைக்கு 250 கேட்டாலும் 1,500தான், தாங்கும். உங்கள் போர்டு பழசு, 2.0தான் என்றால் இதுவும் பாதியாகிவிடும்.

ஏஎஸ்எம்1166க்கும் ஜேஎம்பி585க்கும் நடுவில் நான் முன்னதைத்தான் எடுப்பேன். ஒரு போர்ட் கூடுதல் என்பது ஒரு காரணம். இன்னொன்று மின்சாரம்: சும்மா இருக்கும்போது பிசிஐஇ இணைப்பைத் தூங்கவிடும் வசதி இதில் வேலை செய்யும் (கார்டின் உள்ளே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் பழசு என்றால் மேம்படுத்த வேண்டியிருக்கும்), ஜேஎம்பி585 அதற்கு விடுவதில்லை என்பது வீட்டு சர்வர்காரர்களின் நெடுநாள் புகார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த ஏஎஸ்மீடியா சிப்புகள் உண்மையில் இருப்பதைவிட அதிகமான போர்ட் இருப்பதாகக் கெர்னலிடம் சொல்லிக்கொள்ளும், இல்லாத போர்ட்டை எல்லாம் தட்டிப் பார்ப்பதில் பூட் ஆக நேரமாகும். 2024 தொடக்கத்தில் இதைச் சரிசெய்கிறோம் என்று உண்மையான போர்ட் எண்ணிக்கையோடு நிறுத்தினார்கள். உடனே போர்ட் மல்டிபிளையர் வைத்த கார்டுக்காரர்களின் டிஸ்க்குகள் காணாமல் போயின, ஏனென்றால் அந்தக் கார்டுகள் அந்தப் பொய்ப் போர்ட்டுகளில்தான் டிஸ்க்கைக் காட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நாளிலேயே திருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது பழைய சர்வர் கார்டு. எல்எஸ்ஐ என்ற பெயரில் வந்தவை. எல்எஸ்ஐயை 2014இல் அவாகோ வாங்கியது, பிறகு அவாகோ பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே சூடிக்கொண்டது, அதனால் மூன்று பெயரிலும் ஒரே கார்டு கிடைக்கும். டெல் எச்200, எச்310, ஐபிஎம் எம்1015 எல்லாம் உள்ளே அதே சாஸ்2008 சிப்தான். எட்டு டிஸ்க், பிசிஐஇ 2.0 ஆனாலும் எட்டு லேன், மொத்தம் 4,000 எம்பி. சாஸ் (சர்வர் டிஸ்க்குகளுக்கான இணைப்பு) கார்டில் சாட்டா டிஸ்க் மாட்டலாமா என்று பலர் கேட்பார்கள், தாராளமாக மாட்டலாம். இதற்கு அடுத்த தலைமுறை சாஸ்2308 (9207-8ஐ), அதற்கும் அடுத்தது சாஸ்3008 (9300-8ஐ), இரண்டும் பிசிஐஇ 3.0. சுழலும் டிஸ்க்குக்கு முதல் தலைமுறையே போதும். அதற்கும் முந்தைய சாஸ்1068இ கார்டு சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், 2 டிபிக்கு மேல் டிஸ்க்கை அதற்குப் பார்க்கத் தெரியாது.

எனக்கு இந்தக் கார்டுகளின் மேல் தனி மரியாதை உண்டு. டிஸ்க் பிழை வரும்போது அந்த ஒரு டிஸ்க்கோடு நிறுத்திக்கொள்ளும், பக்கத்து டிஸ்க்கை இழுத்துப்போடாது. ஆனால் வாங்கி மாட்டியதும் ஓடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கார்டு ஐடி மோடில் இருக்க வேண்டும், அதாவது டிஸ்க்கை அப்படியே லினக்ஸிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் ஃபர்ம்வேர். டெல், ஐபிஎம் கார்டுகள் பெரும்பாலும் ரெய்டு ஃபர்ம்வேரோடுதான் வரும், அழித்து மாற்றி எழுத வேண்டும். டாஸில் பூட் செய்து எழுதப் போனால் புதிய மதர்போர்டுகளில் பிஏஎல் என்று ஒரு பிழை காட்டி நின்றுவிடும், யூஇஎஃப்ஐ ஷெல்லில் (மதர்போர்டின் யூஇஎஃப்ஐயில் ஓடும் கட்டளைத் திரை) செய்தால் ஓடும். எழுதும் பதிப்பு 20.00.07.00 ஆக இருக்கட்டும், 20 வரிசையின் தொடக்கப் பதிப்புகளில் பிழை அதிகம். சில வீட்டு மதர்போர்டுகள் டெல் கார்டைச் செருகினால் உயிரே பெறாது. கார்டின் பி5, பி6 என்ற இரண்டு முள்ளின் மேல் டேப் ஒட்டினால் ஓடும். நம்ப முடியாதுதான், ஆனால் உண்மை.

கேபிளிலும் ஒரு பொறி இருக்கிறது. கார்டில் ஒரு பெரிய சாக்கெட், அதிலிருந்து நாலு சாட்டா முனை பிரியும். ஃபார்வர்டு, ரிவர்ஸ் என்று இரண்டு வகை, பார்க்க அச்சு அசல் ஒன்றே, உங்களுக்குத் தேவை ஃபார்வர்டு. ரிவர்ஸ் கேபிளை வாங்கிவிட்டு இரண்டு நாள் கார்டைத் திட்டியிருக்கிறேன்.

அப்புறம் சூடு. இந்தக் கார்டுகள் சர்வரின் புயல்காற்றை நம்பிச் செய்தவை, வீட்டு கேபினட்டில் அந்தக் காற்று கிடையாது. கத்திரி வெயில் காலத்தில் ஹீட்சிங்கில் விரல் வைத்தால் எடுத்துவிடுவீர்கள். 40 மிமீ ஃபேன் ஒன்றைக் கட்டிவிடுங்கள், கேபிள் டை போட்டுக் கட்டினாலே போதும். கார்டு மட்டும் 10 வாட் தின்னும் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 14 யூனிட், அதோடு பிராசஸரையும் ஆழமாகத் தூங்கவிடாது. சின்ன, குறைந்த மின்சாரப் பெட்டி கட்டுபவர்கள் ஏஎஸ்எம்1166 பக்கம் போவதற்கு இதுதான் காரணம், அது நியாயமும்கூட.

டிரைவர் விஷயம். சாதாரண சாட்டா கார்டுகளுக்குக் கெர்னலின் ஏஎச்சிஐ டிரைவர், எந்த டிஸ்ட்ரோவிலும் (லினக்ஸ் வகையிலும்) கேள்வியே இல்லை. எல்எஸ்ஐ கார்டுகளுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, டெபியன், உபுண்டுவில் செருகினால் ஓடும். ஆனால் ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் 8இல் சாஸ்2008க்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். டிரைவர் இருக்கும், உங்கள் கார்டை மட்டும் தெரியாத மாதிரி நடிக்கும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் 9300க்குப் போய்விடுவது நல்லது. எஸ்எஸ்டி வைத்திருந்தால் அதை மதர்போர்டின் சொந்தப் போர்ட்டிலேயே விடுங்கள், எல்எஸ்ஐ வழியாக டிரிம் (அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) போவது எஸ்எஸ்டியின் மாடலைப் பொறுத்தது.

மீதி இருப்பது உண்மையான ரெய்டு கார்டு. அதற்கு ஒரு நியாயம் செய்யத்தான் வேண்டும்: கரண்ட் போகும்போது பாதி எழுதிய டேட்டாவைப் பேட்டரி காக்கும், ரெய்டு 5க்கு அது நிஜமான பலம். ஆனால் வீட்டில்? பேட்டரி சில வருடத்தில் போய்விடும். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலைப் படிக்கவே கார்டு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். கார்டு செத்தால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸின் சொந்த ரெய்டில் டிஸ்க்குகளைக் கழற்றி வேறு எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதுவாகவே சேர்ந்துகொள்ளும். மதர்போர்டு போன ஒரு தடவை அரை மணி நேரத்தில் பழைய லேப் மெஷினுக்கு மாறியிருக்கிறேன். ஸெட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போடுபவர்களுக்கு இந்தக் கேள்வியே எழக்கூடாது, அதற்கு டிஸ்க் நேரடியாகத் தெரிய வேண்டும்.

இப்போது என் பெட்டியில் ஓடுவது ஐடி மோடுக்கு மாற்றிய எச்310, எட்டு டிஸ்க்குக்காக. ஆறோடு நின்றிருந்தால் நாலை மதர்போர்டிலும் இரண்டை ஒரு ஏஎஸ்எம்1166இலும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், கூடவே பிராசஸரும் தூங்கியிருக்கும். எதை மாட்டினாலும் முதல் வேலையாக, கார்டுக்கு எத்தனை லேன் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். நீளமான ஸ்லாட் என்பதால் உள்ளே எட்டு லேனும் இருக்கும் என்று அர்த்தமில்லை. கார்டு சேர்ந்ததும் லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு இடம் மாறலாம், அதனால் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தைத் துண்டுத்தாளில் எழுதி, கேபினட்டின் முன்பக்கத்திலிருந்து தெரிகிற மாதிரி அந்தந்த டிஸ்க்கின் மேல் ஒட்டிவிட்டு மூடுங்கள்.