எங்கே பேசக்கூடாது? பொதுப் புரமோட்டரும் திசுப் புரமோட்டரும்

கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். ஆல்புமின் மரபணு இரண்டிலும் உண்டு. கல்லீரல் அதை இரவு பகலாக வாசித்துப் புரதத்தைக் கொட்டுகிறது. நரம்புச் செல் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. மரபணுவின் தொடக்கத்தில் ஆர்என்ஏ பாலிமரேஸ் வந்து அமரும் இடம் புரமோட்டர். அந்த இடம் திறக்குமா என்பதை, அந்தச் செல்லில் எந்தெந்தக் கட்டுப்பாட்டுப் புரதங்கள் இருக்கின்றன என்பதே பெரும்பாலும் முடிவு செய்யும். வெளியிலிருந்து ஒரு மரபணுவை உடலுக்குள் அனுப்புகிறவருக்கு, அதன் முன்னால் எதை மாட்டுவது என்பது முதல் தலைவலி. எல்லாத் திசுவிலும் இயங்கும் பொது வகையா, ஒரு திசுவில் மட்டும் இயங்குவதா?

பொது வகையில் பிரபலமானது சிஎம்வி. சைட்டோமெகலோ வைரஸிடமிருந்து எடுத்தது, சுமார் 600 டிஎன்ஏ எழுத்து நீளம். தட்டில் வளர்க்கும் செல்களில் இரண்டே நாளில் புரதம் குவிந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் பார்த்தால் கதை மாறும். உடலுக்குள்ளும் ஸ்டெம் செல்களிலும் அதன் மேல் மெத்தில் என்ற வேதிக் குழுக்கள் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக வாயடைத்துப் போகிறது. ஒளிரும் புரதத்தின் மரபணுவை அதோடு மாட்டி, முதல் வார ஒளிர்வைப் பார்த்துத் துள்ளிக் குதித்துவிட்டு, அடுத்த மாதம் இருட்டான தட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

அதற்கு மாற்று சிஏஜி. சிஎம்வியின் என்ஹான்சரோடு, அதாவது புரமோட்டரைத் தூண்டிவிடும் டிஎன்ஏ துண்டோடு, கோழியின் பீட்டா ஆக்டின் புரமோட்டரைத் தைத்து உருவாக்கியது. நிலைத்து நிற்கும், வலுவும் குறையாது. 1997-ல் உடல் முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்த எலிகள் இதன் தயவில்தான் பிறந்தன. முடியும் சிவப்பணுக்களும் மட்டும் விதிவிலக்கு. குறை அதன் நீளம், சுமார் 1,700 எழுத்து. பொது வகையில் இன்னும் இரண்டு உண்டு. ஈஎஃப்-1 ஆல்ஃபா நடுத்தரம். பிஜிகே சிறியது, அடக்கமானது. மிதமான அளவு போதும் என்றால் அதுவே நல்லது.

நீளத்தை ஏன் இவ்வளவு பார்க்கிறோம்? மரபணு சிகிச்சையில் அதிகம் பயன்படும் ஏஏவி என்ற வைரஸ் உறைக்குள் சுமார் 4,700 எழுத்துதான் அடங்கும். இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய்க்கான, இரத்தத்தை உறைய வைக்கும் எட்டாம் காரணியின் மரபணு, தேவையற்ற பகுதியை வெட்டிய பிறகும், ஏறக்குறைய 4,400 எழுத்து. சிஏஜியை அங்கே கற்பனைகூடச் செய்ய முடியாது. அதனால்தான் 251 எழுத்தே உள்ள எச்எல்பி என்ற கல்லீரல் புரமோட்டரை உருவாக்கினார்கள். திசுப் புரமோட்டர் என்றாலே நீளமானது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

இப்படிப்பட்ட பல திசுப் புரமோட்டர்கள் இயற்கையில் அப்படியே கிடப்பவை அல்ல. திசுவை அடையாளம் காணும் வேலையில் பெரும்பங்கு என்ஹான்சர்களுடையது. அவை மிகத் தொலைவில்கூட இருக்கலாம். கை கால் வளர்ச்சியில் எஸ்எச்எச் மரபணுவை இயக்கும் என்ஹான்சர் சுமார் 10 லட்சம் எழுத்துக்கு அப்பால், வேறொரு மரபணுவின் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவையும் எந்த உறையிலும் அடைக்க முடியாது. முக்கியமான துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒட்டவைக்கிறார்கள். தசைக்கும் இதயத்துக்கும் ஆன எம்எச்சிகே7 அப்படித் தைத்ததுதான்; டுஷென் தசைச்சிதைவு நோய்க்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலிவிடிஸ் மருந்தில் இருப்பது அது.

திசுக் கட்டுப்பாடு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு டஃபி புரதத்தை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது. விவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுக்குள் நுழையப் பிடிக்கும் முக்கியக் கைப்பிடி அது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலரிடம் அந்த மரபணுவின் புரமோட்டரில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. மாறிய இடம், இரத்த செல்களுக்கான காட்டா-1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் வந்து ஒட்டும் இடம். அது ஒட்டாததால் சிவப்பணுவில் டஃபி இல்லை. இரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்களிலோ அதே புரதம் வழக்கம்போல உருவாகிறது. புரதத்தின் மேல் கையே வைக்காமல், ஒரு திசுவில் மட்டும் விளக்கை அணைத்த வேலை இது. வடிவமைக்கிற நம்மால் இன்னும் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடிவதில்லை.

ஏனென்றால் திசுப் புரமோட்டர்கள் கசியும். ஜிஎஃப்ஏபி புரமோட்டர் என்றால் ஆஸ்ட்ரோசைட்டுக்கு, அதாவது மூளையில் நியூரான்களுக்குத் துணை நிற்கும் செல்லுக்கு, உரியது என்பார்கள். கரு மூளையில் நியூரான்களைப் பெற்றெடுக்கும் தாய்ச்செல்களிலும் அது இயங்கக்கூடும் என்பதால், டிஎன்ஏவை வெட்டும் கிரீ நொதியை அதோடு மாட்டினால் நியூரான்களிலும் வெட்டு விழலாம். பெயர்ப்பலகையை நம்பி இறங்கினால் ஆறு மாத வேலை போகும்.

பொது வகையின் ஆபத்து இதைவிடப் பெரியது. 2000-ஐ ஒட்டி பாரிஸில் எக்ஸ்-சிட் என்ற பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்கு லுகேமியா வந்தது. மரபணுவைச் சுமந்து சென்ற ரெட்ரோ வைரஸின் வலுவான என்ஹான்சர், தான் போய் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருந்த, புற்றைத் தூண்டக்கூடிய எல்எம்ஓ2 மரபணுவையும் எழுப்பிவிட்டது. பிறகு வந்த வெக்டர்களில், அதாவது மரபணுவைச் சுமக்கும் வைரஸ்களில், அந்த என்ஹான்சரை நீக்கி, ஈஎஃப்-1 ஆல்ஃபாவின் குட்டையான வடிவத்தை வைத்தார்கள். பொது வகையேதான், ஆனால் அண்டை வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கம் குறைந்தது.

அப்படியானால் எது? தட்டில் புரதம் எடுக்க மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், சிஎம்வி. தசையை இயக்கும் நரம்புச் செல்கள் அழியும் எஸ்எம்ஏ நோயில் குறையும் எஸ்எம்என் புரதம் எல்லாச் செல்லுக்கும் வேண்டியது. அந்த நோய்க்கான ஜோல்ஜென்ஸ்மா மருந்தில் சிஎம்வி என்ஹான்சரும் கோழி ஆக்டினும் சேர்ந்த பொது வகையை வைத்தது பொருத்தமே. ஹீமோஃபிலியாவுக்கு நான் கல்லீரல் வகைதான் என்பேன். புதிய புரதம் நோயெதிர்ப்புச் செல்களிலேயே உருவானால் உடல் அதை எதிரியாக எண்ணும் வாய்ப்பு கூடுகிறது. கல்லீரலில் மட்டும் உருவானால் சகித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதாவது, எங்கே பேச வேண்டும் என்பதைவிட எங்கே பேசக்கூடாது என்பதைப் பார்த்தே நான் தேர்வு செய்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. பொதுப் புரமோட்டரை வைத்துவிட்டு, மரபணுவின் வாலில், மற்ற ஆர்என்ஏக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏவான மைக்ரோ ஆர்என்ஏ-122 ஒட்டும் இடங்களைச் சேர்க்கலாம். அது கல்லீரலில் மிகுதியாக இருப்பதால் அங்கே உருவாகும் ஆர்என்ஏ அழிந்துபோகும், மற்ற இடங்களில் தப்பிக்கும். ஒரே ஒரு திசுவை மட்டும் விலக்க வேண்டும் என்றால், புதுப் புரமோட்டர் தேடி அலைவதைவிட இது எளிது.

எலியில் சினாப்சின்-கிரீ, அதாவது நரம்புச் செல்லுக்கான சினாப்சின் புரமோட்டரோடு மாட்டிய கிரீ நொதி, வைத்து வேலை செய்யப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. அது விந்தகத்திலும் இயங்கும். ஆண் வழியாகக் கடத்தினால் குட்டியின் உடல் முழுக்க மரபணு வெட்டுப்படலாம். பெண் வழியாகக் கொண்டு வாருங்கள்.