சேகோ பனையும் மரவள்ளியும்: மாவுச் சந்தையில் யாருக்கு எந்த இடம்?

தண்டுக்குள் மாவைச் சேர்த்து வைக்கும் சேகோ பனையை 'எதிர்கால உணவு' என்று புகழும் கட்டுரைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் வருகின்றன. சதுப்பில் வளரும், உரம் கேட்காது, வெள்ளத்துக்கு அசையாது, ஒரே மரத்தில் ஒரு வீட்டுக்குப் பல மாதச் சாப்பாடு கிடைக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கட்டுரைகளில் மரவள்ளி தலைகாட்டுவதே இல்லை. சேகோ பனை மாவுக்குக் கடையில் எதிரே நிற்பது அரிசியோ கோதுமையோ அல்ல, மரவள்ளி மாவு. அதைப் பக்கத்தில் வைக்காமல் பனையின் சந்தை வாய்ப்பைப் பேசுவது வரவை மட்டும் எழுதி வைத்த கணக்குப் புத்தகம்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஜவ்வரிசிக்கும் இந்தப் பனைக்கும் இன்று சம்பந்தம் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது மலாயா பக்கமிருந்து சரக்கு வருவது நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, படிந்த மாவைக் குருணையாக உருட்டி வறுத்து விற்கத் தொடங்கினார்கள். குடிசைத் தொழிலாக ஆரம்பித்தது, ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம், அரூர் என்று பரவி ஆலைத் தொழிலானது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாற்றாக வந்த சரக்கு அசலை முழுதாக வெளியேற்றிய கதை இது. மலேசியக் கடைகளில் 'சேகோ' என்று விற்கும் முத்துகளில்கூடப் பெரும்பாலானவை இன்று மரவள்ளிதான். அசல் எப்படித் தோற்றது, எங்கே இன்னும் தோற்கவில்லை என்பதுதான் இந்த அலசல்.

காலக்கணக்கில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் தோல்வியின் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. மரவள்ளிக் குச்சியை நட்டால் எட்டு முதல் பத்து மாதத்தில் கிழங்கு. விலை சரிந்தால் அடுத்த ஆண்டு மக்காச்சோளத்துக்கோ மஞ்சளுக்கோ மாறிக்கொள்ளலாம். சேகோ பனை வெட்டுக்கு வரப் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஆழமான பீட் நிலத்தில், அதாவது மக்காத தாவரக் கழிவு அடுக்கடுக்காகப் படிந்த சதுப்பில், இன்னும் நாளாகும். வாழ்நாளில் ஒரே முறை பூத்துச் சாகும் மரம் அது. பூக்கும் முன் தண்டு முழுக்க மாவைச் சேர்த்து வைக்கும். அந்தத் தருணத்தைத் தவறவிட்டால் மாவு பூவுக்கும் காய்க்கும் போய்விடும், வெட்டினால் நார்தான் மிஞ்சும். பத்தாண்டு காத்திருப்பு முதல் தடவைக்கு மட்டும்தான்; பிறகு அடியில் வரும் பக்கக் கன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டுக்கு வரும். அந்த முதல் தடவைக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் முக்கா பகுதியில் அரசு சார்பில் பெருந்தோட்டமாகவே நட்டுப் பார்த்தார்கள். ஆழமான பீட்டில் ஏராளமான மரங்கள் இலையை மட்டும் விட்டுத் தண்டு கட்டாமல் நின்றன.

பனை பக்கம் ஒரு நியாயமும் உண்டு. விலை இறங்கினால் மரத்தை ஓராண்டு கூடுதலாக நிற்க விடலாம். நிற்கும் தண்டே கிடங்கு. மரவள்ளிக்காரருக்கு அந்த வசதி குறைவு. பருவம் தாண்டி மழை பெய்து செடி மறுபடி துளிர்த்தால் கிழங்கின் மாவு இறங்கும். சேலம் பக்க ஆலைகளில் கிழங்குக்கு விலை 'பாயிண்ட்' கணக்கில்தான்; மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து அதற்குத் தகுந்த தொகை. துளிர்த்த கிழங்கோடு வருபவர் பேரம் பேசும் நிலையில் இருக்க மாட்டார்.

விளைச்சலைப் பற்றிச் சொல்லப்படும் எண்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒரு சேகோ மரத்தில் 150 முதல் 300 கிலோ உலர் மாவு கிடைக்கும், இது நம்பத்தக்கது. 1860 வாக்கில் இன்றைய இந்தோனேசியாவின் செராம் தீவில் இருந்த ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் போட்ட கணக்கும் இதற்குள்தான் வருகிறது: நல்ல மரம் ஒன்றில் சுமார் 600 பவுண்டு, அதாவது 270 கிலோ. அதை வில்லையாகச் சுட்டு வைத்தால் ஓர் ஆளுக்கு ஓராண்டுச் சாப்பாடு; உழைப்போ பத்து நாள். இவ்வளவு சுலபமாகச் சோறு கிடைப்பதுதான் அந்த மக்களைக் கெடுக்கிறது என்று அவர் குறைப்பட்டும்கொண்டார். உழைக்காமல் பசியாறுகிறவனைப் பார்த்தால் அந்தக் கால ஐரோப்பியருக்கு ஏனோ மனம் ஆறாது. சிக்கல் ஒரு மரத்தின் கணக்கை எக்டேர் கணக்காகப் பெருக்கும்போது வருகிறது. ஆண்டுக்கு எக்டேருக்கு நூறு மரம், மரத்துக்கு 200 கிலோ, ஆக 20 டன் என்று தாளில் எழுதிவிடலாம். இயற்கையாக வளர்ந்த சேகோ காட்டில் ஒரே ஆண்டில் வெட்டுக்குத் தயாராக நிற்கும் மரங்கள் அதில் சிறு பங்குதான். மரவள்ளியில் எக்டேருக்கு 35 டன் கிழங்கு எடுக்கிற விவசாயி, நான்கில் ஒரு பங்கு மாவு என்று வைத்தாலும் எட்டு டன்னுக்கு மேல் தருகிறார். அதுவும் லாரி போகிற சாலையோரத்தில்.

அந்தச் சாலைதான் அடுத்த விஷயம். சேகோ தண்டை ஏறக்குறைய ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டி, கோத்துக் கட்டி, ஆற்றில் மிதக்க விட்டு ஆலைக்கு இழுத்து வருவார்கள். பட்டையை உரித்து, உள்ளே இருக்கும் சோற்றை, அதாவது தண்டின் மென்மையான நடுப்பகுதியை, துருவி, தண்ணீரில் அலசி, சல்லடையில் வடித்து, மாவைப் பிரித்து, சூடான காற்றில் உலர்த்துவார்கள். மரவள்ளி ஆலையிலும் ஏறத்தாழ இதே வேலைதான். வேறுபாடு தண்ணீரில். பீட் நிலத்து ஆற்று நீர் தேயிலைச் சாயம்போலப் பழுப்பு நிறம். துருவிய சோறும் காற்றுப் பட்டதும் பழுப்பாகும். துண்டுகள் ஆற்றில் வாரக்கணக்கில் கிடந்தால் மாவும் குறையும், நிறமும் கெடும். இந்த மாவை வாங்கும் ஜப்பான்காரருக்கு வெள்ளை மாவு வேண்டும் என்றால் நீரைச் சுத்திகரிக்காமல் முடியாது.

வெள்ளை மோகம் சேலத்தையும் விடவில்லை. வடமாநில வியாபாரிகள் பால் வெள்ளையில் கேட்கிறார்கள் என்பதற்காக வெளுப்பு ரசாயனம், செலவைக் குறைப்பதற்காக மக்காச்சோள மாவுக் கலப்படம் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போகாத ஆண்டு இல்லை. கழிவு விஷயத்தில் மட்டும் சேலம் ஒரு படி மேல்: மாவு எடுத்த பிறகு மிஞ்சும் திப்பியைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்றுவிடுகிறார்கள். சரவாக்கில் 'ஹம்பாஸ்' எனப்படும் சேகோ சக்கையின் உலர் எடையில் பாதிக்கு மேல் இன்னும் மாவுதான். அதை நெடுங்காலம் ஆற்றிலேயே கொட்டினார்கள். புதுத் தோட்டம் போடுவதற்கு முன்னால் இந்தச் சக்கையில் உள்ள மாவை எடுக்க வழி பார்த்திருக்கலாம்.

இதுவரை மரவள்ளியே முன்னால் நிற்கிறது. அடுப்படிக்கு வந்தால் நிலைமை மாறும்.

சேகோ பனை மாவில் அமைலோஸ், அதாவது ஆறும்போது மாவை இறுகச் செய்யும் கூறு, சுமார் 27 சதவீதம், மரவள்ளியில் 17 முதல் 20. எண்ணை விட்டுத்தள்ளுங்கள், விளைவைப் பாருங்கள். மரவள்ளி மாவைக் காய்ச்சினால் கண்ணாடிபோலத் தெளிந்து இழுபடும்; ஆறினாலும் மென்மையாக, சவைக்க இதமாக இருக்கும். பபுள் டீ முத்துக்கும், பாயசத்துக்கும், எண்ணெயில் பூவாய்ப் பொரிய வேண்டிய வடகத்துக்கும் இதுதான் வேண்டும். சேகோ பனை மாவு ஆறும்போது இறுகும், வெட்டினால் வில்லையாக நிற்கும். இந்தோனேசியாவின் பாப்புவாவில் பப்பேடா என்ற களியைச் செய்கிற விதத்தில் இதை நேராகப் பார்க்கலாம். மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக் கிண்டுவார்கள். வெள்ளைக் கரைசல் ஒரு கட்டத்தில் சட்டென்று சாம்பல் நிறக் களியாகத் திரளும். இரண்டு மரக் கவைகளால் அதைச் சுருட்டி எடுத்துத் தட்டில் வழுக்க விட்டு, மஞ்சள் சேர்த்த மீன் குழம்பை மேலே ஊற்றுவார்கள். மெல்லாமல் விழுங்க வேண்டும். புருணையில் அம்புயாட், சரவாக்கின் மெலனாவ் மக்களிடம் லினுட் என்று இதே களி. தனிச் சுவை இல்லாததால் குழம்பின் புளிப்பும் காரமும்தான் சாப்பாடு. நம் கேழ்வரகுக் களிக்குப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இறுகும் குணத்தால்தான் நூடுல்ஸுக்குச் சேகோ பொருந்துகிறது. கோதுமைப் பசை இல்லாமல் இழை அறுந்துபோகாமல் நிற்க வேண்டும் என்றால் அமைலோஸ் கூடுதலான மாவு வேண்டும். இந்தோனேசியாவின் ரியாவ் மாகாணத்தில் மெராந்தி தீவுகளில் சேகோ நூடுல்ஸ் அன்றாடக் கடைச் சரக்கு. மலேசியாவின் திரங்கானுவில் மீனையும் சேகோ மாவையும் பிசைந்து வேகவைக்கும் கெரோப்போக் லெக்கோருக்கும் அந்த இறுக்கம் உதவுகிறது. ஜப்பானில் நூடுல்ஸ் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவும் மாவாகச் சேகோ மாவை வாங்குகிறார்கள். பெயருக்குச் சின்ன உபயோகம்தான். ஆனால் அதற்காகச் சரவாக் மாவை ஆண்டுதோறும் கப்பலில் தருவிக்கிறார்கள். மலிவு என்பதற்காக அல்லாமல் குணத்துக்காக வாங்கும் சந்தை இப்படித்தான் இருக்கும்.

சத்து விஷயத்தில் இரண்டுமே ஏழைகள். நூறு கிராமில் 350 கலோரியை ஒட்டி, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. 'பசை இல்லாதது' என்ற அட்டைப் பெருமை இரண்டுக்கும் பொது. சேகோ உண்ணும் மக்கள் மீனோடும், வெட்டிப்போட்ட தண்டில் வளரும் கொழுத்த புழுக்களோடும் அதைச் சேர்த்து உண்டதால் உடல் தாங்கியது. அந்தப் புழு யார் தெரியுமா? பொள்ளாச்சித் தென்னை விவசாயி தூக்கம் கெட்டுத் துரத்திக்கொண்டிருக்கும் சிவப்புக் கூன்வண்டின் புழுவேதான். அங்கே அது சந்தையில் தனியாக விலைபோகும் பண்டம்.

சந்தையின் அளவைப் பார்த்தால் மரவள்ளிக்கு ஒரு பெரிய துணை இருக்கிறது: வட இந்தியாவின் விரதங்கள். நவராத்திரியும் ஏகாதசியும் வந்தால் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் சாபுதானா கிச்சடி இல்லாமல் ஆகாது. தானியம் அல்ல என்பதால் விரதத்துக்கு ஏற்றது. சேலத்து ஆலைகள் ஓடுவது நம் பாயசத்தை நம்பி அல்ல. அதே சமயம் ஒரே பயிரை நம்பியதன் ஆபத்தையும் இந்தப் பகுதி அண்மையில் பார்த்தது. 2020இல் இந்தியாவுக்குள் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வயல்களைச் சுருட்டியது. பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களில் விட்டார்கள்.

சேகோ பனைக்கு இப்படி ஒரு நாடு தழுவிய பழக்கம் துணைக்கு இல்லை. இருந்த பழக்கமும் தேய்கிறது: பாப்புவாவில் மானிய அரிசி வந்த பிறகு இளைய தலைமுறைக்கு அரிசிச் சோறே சாப்பாடு. உலகிலேயே பெரிய சேகோ காடுகள் அங்கேதான் இருக்கின்றன. தெற்கு சோரோங் மாவட்டத்தில் ஆண்டுக்கு 30,000 டன் திறனுள்ள ஆலையை 2016 ஜனவரி முதல் நாளில் இந்தோனேசியாவின் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ திறந்துவைத்தார். காடு இருக்கிறது, ஆலை இருக்கிறது. காட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து ஜாவாவுக்கும் ஆகும் போக்குவரத்துச் செலவுதான் மாவின் விலையைத் தின்கிறது. தாய்லாந்து மரவள்ளி மாவோடு விலையில் மோதினால் பாப்புவா சேகோ வெல்லாது என்பது என் முடிவு.

நிலம் என்ற ஒரு வகையில் மட்டும் மரவள்ளி பந்தயத்திலேயே இல்லை. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். பீட் நிலத்தில் அதை நட முதலில் கால்வாய் வெட்டி நீரை வடிக்க வேண்டும். வடித்த பீட் காயும், காய்ந்தால் எரியும், புகை சிங்கப்பூர் வரை போகும். சேகோ பனைக்கு நிலம் ஈரமாக இருப்பதே நல்லது. மெராந்தியின் சுங்காய் தோஹோர் கிராமத்துச் சேகோ விவசாயிகள், அடுத்த நிலங்களில் வெட்டிய கால்வாய்களால் தங்கள் தோட்டம் காய்கிறது என்று முறையிட்டார்கள். 2014 நவம்பரில் ஜோக்கோ விடோடோவே அங்கே போய்க் கால்வாயை அடைக்கும் வேலையில் கை வைத்தார். நீரைத் தேக்கி வைத்துக்கொண்டே வருமானமும் தரக்கூடிய மாவுப் பயிர் அந்த நிலத்துக்கு வேறு எது இருக்கிறது?

எனவே சேகோவில் பணம் போடுகிறவர் டன் கணக்கில் வெறும் மாவை ஏற்றுமதி செய்யும் ஆசையை விட்டுவிட வேண்டும். அங்கே மரவள்ளி வைத்ததுதான் விலை. மெராந்தியைப்போல ஊரிலேயே நூடுல்ஸாக்கி விற்பது, ஜப்பானைப்போலக் குணம் கேட்டு வாங்கும் ஆலைகளைத் தேடிப் பிடிப்பது, இரண்டில்தான் மிச்சம் இருக்கிறது. சேலத்து ஆலைக்காரர் இந்தப் பனையை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. அவருக்குத் தலைவலி மக்காச்சோள மாவு. வீட்டுத் தோட்டத்துக்கு என்று நர்சரியில் 'சேகோ பாம்' வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அது பனையே அல்ல, சைக்காஸ் என்ற வேறு இனம். அதன் விதையும் தண்டும் நஞ்சு. குழந்தைகளும் நாயும் நடமாடும் இடத்தில் வைக்க வேண்டாம்.