தீக்காயத்துக்குப் பரம்பரை மூலிகைத் தைலம் என்று போனில் விற்கிறார்கள், வாங்காதீர்கள். எங்களுக்குப் போனது 4,850 ரூபாய்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 4,850 ரூபாய். பணம் போனது ஒரு பக்கம் கிடக்கட்டும், அம்மாவின் கையை இப்போது பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. விற்றவர்களின் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அதே வீடியோ, அதே படங்கள் வேறு வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு பெயரைச் சொன்னால் நாளைக்கு இன்னொரு பெயரில் வந்து நிற்பார்கள். அதனால் ஆளை விட்டுவிட்டு அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது வாணலி சரிந்து, காய்ந்த எண்ணெய் அம்மாவின் இடது முன்கையில் கொட்டிவிட்டது. நான் பக்கத்திலேயே இருந்ததால் உடனே வளையலைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைப் பிடித்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை டூத் பேஸ்ட்டோடு ஓடி வந்தார், மாடி வீட்டில் இட்லி மாவு போடச் சொன்னார்கள், ஒன்றையும் வைக்க விடவில்லை. கிளினிக்கில் பார்த்துவிட்டு, "இரண்டாம் நிலைக் காயம், ஆழம் அதிகமில்லை, ரெண்டு மூணு வாரத்துல ஆறிடும், சர்க்கரையை மட்டும் கன்ட்ரோல்ல வைங்க" என்று சொல்லி, டிடி ஊசி போட்டு, வெள்ளி கலந்த அந்த வெள்ளை க்ரீம் தடவிக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

கட்டுப் பிரித்து மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அம்மா துடித்துப் போவார். "எங்கம்மா காலத்துல சுண்ணாம்புத் தெளிநீரையும் தேங்காயெண்ணெயையும் அடிச்சு வெண்ணெய் மாதிரி ஆக்கித்தானத்தா போடுவாங்க, தழும்புகூட இருக்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படிப் போட்டார்கள் என்பது உண்மைதான், ஊர்ப்பக்கம் பழைய ஆட்களுக்கு அந்தக் கைவைத்தியம் தெரியும். நான் போனில் தீக்காயம், மூலிகை என்று தேடினேன். அவ்வளவுதான், அன்று ராத்திரியிலிருந்தே வீடியோ தளத்தைத் திறந்தால் இந்த விளம்பரம்தான் முதலில் வருகிறது. கொதிநீர் கொட்டிய குழந்தையின் முதுகு, அடுத்த படத்தில் தழும்பே இல்லாத முதுகு. காவி வேட்டியில் ஒருவர் உரலில் ஏதோ இலையை இடிக்கிறார். ஏழு தலைமுறை வைத்தியம், மலையில் பறித்த மூலிகை, ரசாயனம் இல்லை, கீழே ஒரு நம்பர்.

அந்த நம்பருக்குப் போன் செய்ததும், எடுத்தவர் உடனே விலையைச் சொல்லியிருந்தால் நான் வைத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. "முதல்ல அம்மா எப்படி இருக்காங்க தங்கச்சி, தூங்குறாங்களா, சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். அந்த வாரத்தில் வேறு யாரும் அப்படிக் கேட்கவில்லை. காயத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பியதும் மறுபடி அவரே கூப்பிட்டு, எங்கே தோல் உரிந்திருக்கிறது, எங்கே கொப்புளம் நிற்கிறது என்று படத்தைப் பார்த்துச் சரியாகச் சொன்னார். சோற்றுக்கற்றாழையை ஏழு தடவை கழுவி மஞ்சள் பால் போனபிறகுதான் சேர்ப்போம் என்றார். குங்கிலியம் என்ற மரப்பிசினைச் சொன்னார், ஊமத்தை இலைச் சாறு என்றார். அதெல்லாம் நிஜமாகவே மருந்தில் சேர்கிற சரக்குகள்தான். கற்றாழையின் மஞ்சள் பால் தோலை அரிக்கும், அதற்காகத்தான் கழுவுகிறார்கள். குங்கிலிய வெண்ணெய் சித்த மருத்துவத்தில் இருக்கிற களிம்பு. ஊமத்தையும் துருசும் (மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்) தேங்காயெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவது மத்தன் தைலம், சித்த ஆஸ்பத்திரிகளில் பச்சை எண்ணெய் என்று புண்ணுக்குப் போடுவார்கள். நூறு வார்த்தை உண்மையைப் பேசிவிட்டு நடுவில் ஒரு பொய்யை வைத்தார். அந்தப் பொய் இதுதான்: "இங்கிலீஷ் க்ரீமை நிறுத்திடுங்க தங்கச்சி, அது காயத்தை உள்ள பூட்டிடும். ரெண்டும் சேர்ந்தா எங்க தைலம் வேலை செய்யாது. கட்டும் வேண்டாம், காத்தாட விடுங்க."

முழு கோர்ஸ் தைலம் 2,900 ரூபாய். பொருள் வந்ததும் கொடுக்கிறேன் என்றதற்கு, மூலிகை மருந்தைத் திருப்பி எடுக்க முடியாது, பணம் வந்த பிறகுதான் உங்கள் அம்மா பெயர் சொல்லிக் காய்ச்சவே ஆரம்பிப்போம் என்றார். ஜிபேயில் போட்டேன். மறுநாள் காலையிலேயே ஒரு பெண் கூப்பிட்டு, உள்ளுக்குச் சாப்பிட ஒரு சூரணம் இருக்கிறது, அது இல்லாமல் தைலம் மட்டும் போட்டால் தழும்பு நிச்சயம் என்று பயமுறுத்தி இன்னொரு 1,950 ரூபாய் வாங்கினார். மொத்தம் 4,850.

பார்சலில் வந்தது ஒரு சாதாரண பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே கரும்பச்சையாக எண்ணெய், திறந்ததும் கற்பூர நெடி மூக்கில் ஏறியது. லேபிளில் ஒரு முனிவர் படம், அந்த போன் நம்பர், வேறு ஒன்றுமில்லை. உற்பத்தி உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை, எங்கே தயாரித்தது என்ற முகவரி இல்லை. சூரணம் ஒரு ஜிப் கவரில், அதில் லேபிளே கிடையாது. அதை அம்மா வாயில் வைக்கவில்லை, அந்த மட்டும் நல்லது. தைலத்தைப் பற்றி உடனே போன் செய்து கேட்டேன். "லைசென்ஸ் எல்லாம் கம்பெனி மருந்துக்குத்தான் தங்கச்சி, பரம்பரை வைத்தியத்துக்குத் தேவையில்ல" என்றார். இது சுத்தப் பொய். சித்த, ஆயுர்வேத மருந்தைத் தயாரித்து விற்க மாநில அரசின் உரிமம் வேண்டும், 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் 1964இல் திருத்தம் செய்து அதைச் சேர்த்தார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. அது தெரியாத ஆட்கள்தான் அவர்களுக்கு வேண்டும்.

தடவிய அன்றைக்கே எரிச்சல் தாங்காமல் அம்மா கையை உதறினார். போன் செய்தேன். "எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்." அடுத்து கையில் நீர் வடிந்து ஒரு வாடை வந்தது. "நல்ல அறிகுறி, கெட்ட நீர் வெளியேறுது." சுற்றிலும் சிவந்து வீங்கி, அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது எடுத்தவர் வேறு ஆள். அம்மா கருவாடு சாப்பிட்டாரா, கத்திரிக்காய் சாப்பிட்டாரா, பத்தியம் காத்தாரா என்று என்னையே விசாரிக்கிறார்! பத்தியம் என்று ஒரு வார்த்தை முதலில் சொன்னார்களா? இல்லை. வைத்தியரிடம் பேச வேண்டும் என்றேன், மலைக்குப் போயிருக்கிறார், சிக்னல் கிடைக்காது என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வேறு நம்பர் கொடுத்தார்கள், அந்த நம்பரில் இது டெலிவரிப் பிரிவு, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். கடைசியில் நான் அனுப்பிய காயப் படங்களுக்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை, பிறகு முகப்புப் படமே மறைந்துவிட்டது. பிளாக். "தங்கச்சி" என்று கூப்பிட்ட வாய்.

பெரியாஸ்பத்திரி தீக்காயப் பிரிவுக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். அங்கே முதலில் அந்தப் பச்சையைத் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. எண்ணெய் காய்ந்து, தோல் உரிந்த சதையோடு பக்கு மாதிரி ஒட்டிப் போயிருந்தது. நர்ஸ் அக்கா உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க எடுக்க, அம்மா புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு சத்தமே போடாமல் இருந்தார். பஞ்சு பச்சையாக வந்தது, அப்புறம் பச்சையும் சிவப்பும். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எல்லோருக்கும் உதவும். தீக்காயத்தில் இங்க், மஞ்சள், பச்சை எண்ணெய் என்று நிறம் உள்ள எதைப் பூசினாலும் காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க முடியாது, அதைத் துடைப்பதே இன்னொரு காயம். கொப்புளம் உடைந்த இடத்தில் தோல் என்ற காவலே இல்லை, சுத்தமில்லாத எண்ணெய் போனால் கிருமியும் கூடவே போகும். கிருமி புகுந்தால் தானாக ஆற வேண்டிய இரண்டாம் நிலைக் காயம் ஆழமாகிப் போய், தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கிற நிலை வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அம்மாவுக்குத் தோல் வைக்க வேண்டியிருக்குமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிளினிக்கில் ரெண்டு மூணு வாரம் என்று சொன்ன காயம் இது.

நான் மூலிகை வைத்தியத்தைத் திட்டவில்லை, கமென்டில் அந்தச் சண்டைக்கு யாரும் வர வேண்டாம். பெரியாஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர்கூட சித்த மருத்துவத்தில் சர்க்கரைப் புண் ஆறியதைச் சொன்னார். அரசு சித்த மருத்துவமனைகள் இருக்கின்றன, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, டாம்ப்கால், இம்காப்ஸ் மாதிரி உரிமத்தோடு தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே படித்த மருத்துவர் காயத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். ஊமத்தை விஷம், துருசும் விஷம், எந்தப் புண்ணில் எவ்வளவு என்று தெரிந்தவர் கையில்தான் அது மருந்து. வாட்ஸப்பில் படம் பார்த்து அதைப் போடச் சொல்கிறவன் வைத்தியனே இல்லை. பாட்டிகள் மேல் நமக்கு இருக்கிற நம்பிக்கையைத் திருடி 4,850 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள், அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

விளம்பரத்தை வீடியோ தளத்தில் ரிப்போர்ட் செய்தேன். "எங்கள் விதிமுறைகளை மீறவில்லை" என்று பதில் வந்தது. மருந்தைப் பற்றிப் பொய் விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம், அவர்கள் விதிமுறையில் அது இல்லையாம். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்துப் புகார் கொடுத்திருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிந்தாயிற்று. பணம் அனுப்பிய உடனே 1930க்கு அடித்தால்தான் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம், இவ்வளவு நாள் கழித்து கஷ்டம் என்றார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், ஆனால் கட்டு மாற்றக் கூப்பிடுகிறார்கள். சுருக்கமாக: சுட்டால் முதலில் இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீர், ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மாவு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்னே கழற்றுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருந்தாலோ, முகம், கை, மூட்டில் இருந்தாலோ, குழந்தை, வயதானவர், சர்க்கரைக்காரர் என்றாலோ நேரே ஆஸ்பத்திரி. உரிம எண் இல்லாத பாட்டிலைத் திறக்காதீர்கள். ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். முன்பணம் கேட்டாலும் அப்படியே.

குழந்தை முதுகுப் படத்தோடு ஓடுகிற அந்த விளம்பரம் இன்று காலையும் வந்தது. உங்களுக்கும் வந்தால் நீங்களும் ரிப்போர்ட் அடியுங்கள், ஒரு ஆள் அடித்தால் அவர்கள் கண்டுகொள்வதில்லை. இதே மாதிரி பணம் கட்டியவர்கள் இருந்தால் ஜிபே ரசீதை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள், புகாரைச் சேர்ந்து கொடுக்கலாம்.